உள்ளே இருப்பவன் பாட வேண்டும்

நான்காம் நாள்.
அச்சிட்ட தாளில் இப்படி இருந்தது:
"பாரம்பரிய மது அனுபவம், ஒன்றரை மணி நேரம்,
மதிய உணவு உட்பட."

கோம்போரிக் கணவாயின் வளைவுகளைக் கடந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம், பதினோரு பேர்.
சியாலா மட்டும் வழிநெடுக நின்றே வந்தாள்,
ஒரு கையில் ஒலிவாங்கி,
மறு கையில் யாரோ ஒருவருடைய இருக்கையின் முதுகு.

எண்களை நன்றாகச் சொல்வாள்.
கோயில் எத்தனை முறை எரிந்தது,
மங்கோலியர் வந்த ஆண்டு, பாரசீகர் வந்த ஆண்டு.
பேரரசுகளை நிறுத்தத்துக்கு நிறுத்தம்
இறக்கிவிட்டுக்கொண்டே வருவாள்.
நேற்று ஒரு மடாலயச் சுவரில்
கண்கள் சுரண்டப்பட்ட புனிதர்களைக் காட்டி,
"படையோடு வந்தவர்களுக்குத்
தங்களை யாரும் பார்ப்பது பிடிக்கவில்லை" என்றாள்.
தினமும் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.
இருந்தும் லியோனிலிருந்து வந்த பல் மருத்துவர்
குறித்துக்கொண்டார்.

ஒதார் வீட்டு மதுவறையில் தரையெல்லாம் வாய்கள்.
கழுத்துவரை புதைந்த தாழிகள்.
என் மொழியில் தாழிக்குள்
இறந்தவர்கள் குந்தியிருப்பார்கள்.
ககேதியில் திராட்சை குந்தியிருக்கிறது,
தோலும் விதையும் காம்புமாக,
தன் கலக்கம் தானே அடங்கும்வரை.
தெளிந்ததைத் தேறல் என்றார்கள் நம் பழைய ஆட்கள்.
தேறுவதற்கு ஆறு மாதம் வேண்டும்,
இருட்டும் வேண்டும்.

அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. கழுவுகிற பருவம்.
ஒரு தாழிக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

"அடியில் கெட்ட காற்று தங்கும்," என்றாள் சியாலா.
"இறங்கியவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.
பாட்டு நின்றால்
மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள்."
கொரியப் பையன் தாழியின் வாய்க்குள் கேமராவை நீட்டினான்.
மரப்பட்டைத் துடைப்பம் வறட் வறட்டென்று தேய்க்க,
ஒரே அடி, திரும்பத் திரும்ப,
சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாத குரல்.

"இது இரண்டாயிரம் லிட்டர்.
உட்சுவரில் தேன்மெழுகு பூசியிருக்கிறார்கள்.
இதன் வயது"

பாட்டு நின்றது.

கவனித்தது நாங்கள் இல்லை, ஒதாரும் இல்லை.
ஒலிவாங்கி மண்தரையில் விழுந்து கீச்சிட்டது.
சியாலா முழங்காலிட்டுத்
தோள்வரை தாழிக்குள் கவிழ்ந்து
ஒரு பெயரைக் கத்தினாள்.
முழுப்பெயர் இல்லை
(அது பத்ரி என்று பிறகு தெரிந்தது).
பாதியில் குழைந்த பெயர்,
வீட்டுக்குள் மட்டும் புழங்குவது.
தாழி அதை வாங்கிப் பெரிதாக்கித்
திருப்பித் தந்தது.

அடியில் ஒரு தும்மல்.
பிறகு ஒரு வாக்கியம்.
ஒதார் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

"என்ன சொன்னார்?"
"துடைப்பம் கைநழுவிவிட்டதாம்."
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள்.
உள்ளிருந்து வந்த வாக்கியம் அதைவிட நீளம்.

சாப்பாட்டில் ஒதார் எழுந்து கோப்பையை உயர்த்தி
நாலு நிமிடம் பேசினார்.
"விருந்தினர்களுக்கும், அவர்களுடைய வழிகளுக்கும்"
என்று மொழிபெயர்த்தாள்.
ஈரத் தலையோடு வந்து கடைசியில் உட்கார்ந்த பத்ரி
அவள் பக்கம் பார்க்கவில்லை.
உப்புக் கிண்ணத்தை மட்டும்
அவள் கேட்காமலே அவள் பக்கம் தள்ளினான்.
போட்டுக்கொண்டாள்.

தெலாவி வரை ஒலிவாங்கி பேசவில்லை.
ஒரு கோட்டை போயிற்று, ஆண்டு இல்லாமல்.
பின்னிருக்கையில் கொரியப் பையன்
எடுத்ததை ஓடவிட்டுப் பார்த்தான்:
துடைப்பம், பாட்டு,
பாட்டு நின்ற இடம், அந்தப் பெயர்.

"அதை அழித்துவிடு," என்றாள் திரும்பாமல்.

இரண்டு வளைவு கழித்து,
"பாட்டு இருக்கட்டும்."