சராசரி மூளை

காந்த அறை வாசலில்
மோதிரத்தைக் கழற்றினாள் ராக்ன்ஹில்.
ட்ரோண்ட்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

மயங்கிக் கிடந்தது சுண்டெலி,
நடுவிரல் நீளம், மூக்கில் சின்னக் குழாய்.
ஒரே ஒரு மரபணு எடுத்தவையும்
எடுக்காதவையும் கலந்தே வரும்.
ஒற்றுப்புள்ளி விட்ட சொல் எதுவென்று
வால் எண் சொல்லாது.

நாற்பது மூளைகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியவைத்து
ஒரு மூளை செய்தது கணினி.
எந்த எலியுடையதும் அல்ல அது.
அதைவிடச் சுருங்கிய இடம் நீலமாகும்.

"பதினேழுதான்," என்றாள்.
"இடப்பக்கமாகவே சுற்றுகிறது.
பஞ்சு கொடுத்தால் கூடு கட்டத் தெரியவில்லை."

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார் ஐவின்ட்.
பதினேழு: கைபடாதது.

நீலம் விழுந்தது இருபத்தொன்பதில்,
ஊசிமுனை அளவு.
இருந்ததிலேயே அழகான கூடு
அதனுடையது.

விளக்கணைக்குமுன் எட்டிப் பார்த்தாள்.
பதினேழு சுற்றிக்கொண்டிருந்தது,
இடப்பக்கம்.