காலை பதினொன்றரை

வார்டோவில் சூரியன்
நவம்பர் கடைசியில் கடையைச் சாத்தினால்
ஜனவரி பாதி கழிந்துதான் திறக்கும்.
ஸ்கேனருக்கு இது தெரியாது.
எந்த ஸ்லைடைக் கொடுத்தாலும்
உள்ளே நண்பகலைத் தேடும் பெட்டி அது.

எனக்கும் அவ்வளவாகத் தெரியாது.
நான் பெர்கன்காரன், மழையில் வளர்ந்தவன்.
கூட்னி எய்ராவின் அப்பா எடுத்தவை
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுக்குப் பன்னிரண்டு குரோனர் என்று பேச்சு.
தூசு ஊதி, நான்கு நான்காகச் செருகி,
தானியங்கிப் பொத்தானை அமுக்கிவிட்டுக்
காபி போடப் போகலாம் என்றுதான்
ஒப்புக்கொண்டேன்.

முதல் இருநூறு, கோடைக்காலம்.
இரவு ஒரு மணிக்கு வெயிலில் பந்தாடும் பிள்ளைகள்,
மரச்சட்டங்களில் தொங்கும் மீன்,
மார்க்கிட் அத்தையின் மஞ்சள் மேல்கோட்டு.
கொஞ்சம் தூக்கு, கொஞ்சம் இறக்கு,
மேகம் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்.
கை பழகிவிட்டது.

பிறகு இருநூற்றுப் பதினான்கு.
அட்டைச் சட்டத்தில் பென்சில் எழுத்து:
படகுத்துறை, 11.30, டிசம்பர் 9.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால்
மையிருட்டு.
நடுவில் கடுகளவு ஒரு பல்பு,
படகு அசைந்ததில் அதற்கொரு குட்டி வால்.

பெட்டி அதைப் பகலாக்கியது.
கடல், சாம்பல் பூசிய சுவர்.
வானம் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாய்
எறும்பு மொய்த்தாற்போல் புள்ளிகள்.
பல்பு இருந்த இடத்தில் ஒரு பொத்தல்.
ஆனால் பொத்தலுக்குக் கீழே
தொப்பிகள்! தோள்கள், ஒரு தள்ளுவண்டி.
எண்ணினேன், பதினோரு பேர்.
கண்டுபிடித்துவிட்ட பெருமையில்
அன்றைக்கே அவளுக்கு போன் செய்தேன்.

வந்தாள். பூட்ஸைக் கழற்றாமல்
திரைக்கு எதிரே நின்றாள்.
"இது எந்த ஊர்?" என்றாள்.

இறக்கினேன்.
ஒரு கோடு. "இன்னும்."
அரைக் கோடு. "இன்னும்."
தள்ளுவண்டி போயிற்று, தோள்கள் போயின,
கடைசித் தொப்பியும் முழுகியது.
பொத்தல் சுருங்கி வட்டமாகி
வட்டத்துக்குள்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பி
உயிர் பெற்றது.
"நில்."

ஆட்கள் யாரும் தெரியவில்லையே என்றேன்.

"அப்போதும் தெரியவில்லை.
எஞ்சினை நிறுத்தியதும் கரையிலிருந்து சத்தம் வரும்.
இருமினால் மார்க்கிட் அத்தை,
மூக்கை உறிஞ்சினால் ஓட்டார்,
யாராவது அப்பாவைத் திட்டினால் அது அம்மா.
அப்படித்தான் எண்ணிக்கொள்வோம்."

விரல்விட்டு எண்ணினாள்.
எட்டில் நின்றது.
"பதினொன்றா?"
பதினொன்று.
மற்ற மூவரைக் காட்டு என்று அவள் கேட்கவில்லை.
என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது,
ஏற்றவில்லை.

அவள் போன பிறகு நோட்டில் எழுதினேன்:
214, இருட்டு, வாடிக்கையாளர் சொன்னபடி.
தானியங்கியை அணைத்தேன்.

215. அதே துறை, பத்து நிமிடம் கழித்து.
எவ்வளவு இறக்குவது?
அளவெடுக்கலாம் என்று அறை விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னல் வழியே துறையைப் பார்த்தேன்.
டிசம்பர்தான். மணியும் பதினொன்றரைதான்.
இப்போது அங்கே
பதினாறு எல்.இ.டி. கம்பங்கள்.
ஒன்றுக்கும் உதவாது.