நாற்பத்தொன்றாவது மைல்

மருத்துவமனை நூற்று எண்பது மைல்.
தூரம் ஒரு பொருட்டே இல்லை.
மொன்டானாவின் இந்த மூலையில்
பால் வாங்கவே முப்பது மைல் போகிறோம்.
சாலைதான்.

ஓரத்தில் கிடக்கும் எதுவும்
(காற்றில் உப்பிய கறுப்புப் பை,
டயர்த் துண்டு,
கால் விறைத்த மான்)
எனக்குச் சும்மா கிடப்பதில்லை.
அன்பாரில் பதினான்கு மாதம்
எரிபொருள் லாரி ஓட்டியவள் நான்.
அங்கே குப்பை
குப்பையாக இருந்ததே இல்லை.

ஆக, மருந்து சாலையின் கடைசியில்.
நோய் சாலை நெடுக.
மூன்று முறை கிளம்பினேன்.
மூன்றாம் முறை ஒரு மானுக்கு ஒதுங்கி
நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன்.
எதிரே வந்த பள்ளிப் பேருந்தின் ஹாரன்
இன்னும் காதில் இருக்கிறது.
'நீங்கள் வரவில்லை' என்று
மூன்று கடிதம் போட்டார்கள்.
வந்தேன், பாதிவரை வந்தேன் என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிறகு தபாலில் ஒரு டேப்லெட் வந்தது.
கன்று ஈனும் கொட்டகையில்தான் சிக்னல்,
அதுவும் மேற்குச் சுவரோரம்,
தீவன மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தால்.
செவ்வாய், மூன்று மணி.
பாய்சியிலிருந்து டாக்டர் இமெல்டா கிரோகா.

முதல் நாள் கேமராவை உத்தரத்துக்குத் திருப்பிவைத்தேன்.
நாற்பது நிமிடம் உத்தரத்தோடு பேசினார்.
முடிக்கும்போது, "அங்கே ஒரு கூடு இருக்கிறது" என்றார்.
பதினொரு வருஷமாக என் கொட்டகை.
நான் பார்த்ததில்லை.

பனி கொட்டும் வாரங்களில் படம் உறைந்துவிடும்.
வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி
அசட்டுத்தனமாக நிற்பார்.
அப்படி நின்ற முகத்திடம்தான்
கோர்டெல்லின் பெயரைச் சொன்னேன்.
எனக்கு முன்னால் போன லாரி.
நான் பின்னால் போகிறேன் என்று
இடம் மாற்றிக்கொண்டது.
அசைகிற முகத்திடம் சொல்லியிருக்கமாட்டேன்.
படம் திரும்பியபோது அவர் கண் சிவந்திருந்தது.
"குரல் வந்துகொண்டுதான் இருந்தது, லோர்னா."

ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றி
வேறு யாரிடமாவது கொடுத்துவைக்கச் சொன்னார்.
பக்கத்துப் பண்ணை ஓடெகார்டிடம் போனேன்.
எதற்கு என்று கேட்கவில்லை அவர்.
ஆணி டப்பாவில் போட்டு மூடி,
"பசு ஈன்றுவிட்டதா?" என்றார்.
ஐந்து மைல் தள்ளி
என் ரைஃபிளின் பாதி தூங்குகிறது.
சில இரவு அது எனக்குக் கோபம்.
சில இரவு இல்லை.

அப்புறம் சாலை.
முதலில் கேட்டுவரை.
ஒரு மாதம் தபால் பெட்டிவரை.
ஏப்ரலில் பாலம்.
நிறுத்து, இன்ஜினை அணை,
ஸ்பீக்கரில் போடு, பார், சொல்.

நேற்று நாற்பத்தொன்றாவது மைல்.
பத்தடியில் ஒரு கறுப்புப் பை.
"என்ன தெரிகிறது?"
பை.
"இன்னும்?"
கழுத்தில் மஞ்சள் கயிறு.
"உடம்பில் எங்கே?"
பல். எல்லாப் பல்லும்.

அதற்குமேல் குரல் இல்லை.
அந்த வளைவில் சிக்னல் போகும்.
தெரிந்தேதான் அங்கே நிறுத்தினேனோ என்னவோ.

கேள்வி நின்ற பிறகும்
பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
காற்று. பை சாய்கிறது.
சாய்ந்து நிற்கிறது.
சட்டை நனைந்துவிட்டது.
ஒரு மேக்பை வந்து உட்கார்கிறது.
கொத்துகிறது. கொத்தாதே.
கொத்துகிறது.
முட்டை ஓடு. குழந்தையின் டயப்பர்.
பிறந்தநாள் கேக்கின் அட்டை,
அதில் பாதிப் பெயர்.

குப்பை, என்றேன்.
வண்டிக்குள் யாருமில்லை.
கொஞ்சம் சத்தமாக
இன்னொரு முறை சொன்னேன்.

இன்னும் நூற்று முப்பத்தொன்பது மைல் இருக்கிறது.
நேற்று போகவில்லை.
திரும்பும் வழியில் பால் வாங்கினேன்.