தன்மை ஒருமை

ஜோலியட்டில் விசாரணை ஒன்பது மணிக்கு.
ஹெர்லிந்தா ஒசேகேரா எட்டுக்கே வந்துவிட்டாள்,
இரண்டு பஸ் மாறி,
கோட்டுப் பையிலிருந்து இடக்கையை எடுக்காமல்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே விதி:
படர்க்கை கூடாது.
'அவள் விரல்' என்று நான் சொல்ல முடியாது.
அவள் 'என் விரல்' என்றால்
நானும் 'என் விரல்'.
பதினோரு வருடமாக இப்படித்தான்
யார் யாருடைய முதுகெலும்போ முழங்காலோ
காலையில் என்னுடையதாகி
மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிப் போய்விடும்.

எங்கே மாட்டியது, என்றார் கம்பெனி வக்கீல்.
பெல்ட் உருளைக்குள் திரும்புகிற இடத்தில், என்றேன்.
தடுப்புத் தகடு?
நவம்பரில் கழற்றினார்கள். பெட்டிகள் சிக்குகின்றன என்று.
கழற்றியவர் பெயர்?
தெரியாது.
எங்கள் எல்லோருக்கும் ஏஜென்சி ஆள் என்று பெயர்,
அவர்கள் எல்லோருக்கும் சூப்பர்வைசர் என்று பெயர்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை.
தன் காரில்தான் ஏற்றினான்,
சீட்டின் மேல் முதலில் குப்பைப் பை விரித்துவிட்டு.
கம்பெனி கிளினிக்கில்
விரலைப் பார்க்கும் முன்னால் சிறுநீர் கேட்டார்கள்.
ஒற்றைக் கையால்
அந்தக் கோப்பையின் மூடியைத் திறந்ததைப் பற்றி
அவள் வெகுநேரம் பேசினாள்.
விரலைவிட அதைப் பற்றித்தான் அதிகம்.
நான் சுருக்கவில்லை.

அவள் மொழியில் மோதிர விரலுக்கு 'அனுலார்' என்று பெயர்.
ரத்து செய்வதற்கும் அதே சொல்.
இதை யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.
கட்டைவிரலுக்கு எழுபத்தாறு வாரக் கணக்கு,
மோதிர விரலுக்கு இருபத்தேழு,
நுனிக் கணு மட்டும் போனால் அதில் பாதி.
அவளுடைய வக்கீல் ஸ்தாஹுரா
பொறுமையாகத்தான் விளக்கினார்.
பதிமூன்றரை வாரமா, என்றேன் அவளுக்காக,
அந்த அரை வாரம் புதன்கிழமை மதியத்தோடு முடியுமா?
யாரும் சிரிக்கவில்லை.
அவளும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காகிதம் வந்தது.
பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன்,
ஓடும் பெல்ட்டில் கை வைக்கமாட்டேன்,
புரிந்துகொண்டேன்.
தேதி, விபத்துக்கு ஐந்து வாரம் முந்தையது.
இது உங்கள் கையெழுத்துதானே?

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.
முதன்முறையாக இடக்கை வெளியே வந்தது:
தையல் காய்ந்து பளபளத்த
குட்டையான ஒரு நுனி.
பேப்பரை அழுத்திப் பிடிக்க
அந்த விரலைத் தவிர மற்றவை முன்வந்தன.

என்னுடையதுதான், என்றாள்.
என்னுடையதுதான், என்றேன்.
ஆனால் இது வலக்கையால் போட்டது.
கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று,
கட்டோடு,
வேலை வேண்டுமானால் போடு என்றார்கள்.
அதற்கு முன்னால் வலக்கையால் நான்
ஒரு எழுத்தும் எழுதியதில்லை.
நான் இடக்கைக்காரி.

நான் இடக்கைக்காரி என்று சொன்னபோது
என் வலக்கையில் பேனா இருந்தது.
நடுவர் அதைப் பார்த்தார்.
பிறகு காகிதத்தைப் பார்த்தார்.
பள்ளிப் பிள்ளை கிறுக்கியதைப் போல
கோட்டுக்குக் கீழே சரிந்துகிடந்தது
ஹெர்லிந்தா என்ற பெயர்.
ஸ்தாஹுரா அவளுடைய பழைய வாடகை ஒப்பந்தத்தைத் தேடி
பைக்குள் கைவிட்டார்,
அதில் எழுத்து நேராக நின்றது.

கம்பெனி வக்கீல் பத்து நிமிடம் இடைவேளை கேட்டார்.
அது இருபத்தைந்து ஆனது.

தீர்ப்பு தபாலில் வரும்.
எப்போது என்று சொல்லவில்லை.
ஏஜென்சியிலிருந்து அவளுக்கு
பிப்ரவரிக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை,
அதைப் பற்றி இன்று யாரும் விசாரிக்கவும் இல்லை.

வெளியே படிக்கட்டில்
பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்.
யாரிடம் இதை மொழிபெயர்ப்பது என்று
ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.
யாரும் இல்லை.
எதிர்ப்பக்கம், சலவைக்கடை வாசலில், என்றேன்.
காலையிலிருந்து
நானாக அவளிடம் சொன்னது அவ்வளவுதான்.