எச்ச உம்மை

எழுபத்தொன்பது மார்ச்சில், கிறிஸ்தியான்சுண்ட் துறைமுகத்தில்,
நாலு பையன்கள் ஒரு வேன் வாங்கினார்கள்.
விலை இரண்டாயிரத்து நானூறு குரோனர்.
நாற்றம் இலவசம்.

பக்கவாட்டில் நீல எழுத்தில்:
ஸ்வேரெ ஆஸ்ப்னெஸும் மகள்களும்.
கீழே சின்னதாக, மீன்.

விற்றவர் சாவியை விடாமல் சொன்னார்:
"என் பேரைச் சுரண்டிவிடுங்கள்.
ஆட்ட மண்டபங்களின் வாசலில்
அது ராத்திரி முழுக்க நிற்கக் கூடாது."
மகள்கள்?
"அவர்களுக்கு வாய் இருக்கிறது. அவர்களையே கேளுங்கள்."

கேட்கவில்லை.
தின்னர் ஒரே ஒரு டப்பா.
டோர்கெய்ர் தேய்த்தான். மீன் முதலில் போனது,
ஸ்வேரெ போனார், ஆஸ்ப்னெஸ் போக அரை நாள் ஆனது,
அப்புறம் டப்பா காலி, அப்புறம் மழை,
அப்புறம் மோல்டெயில் ஏழு மணிக்குக் கச்சேரி.

அங்கே போஸ்டர் எழுதுகிறவன்
எழுந்து வரச் சோம்பல்பட்டு
ஜன்னல் வழியே தெரிந்ததை எழுதிக்கொண்டான்.

அதுவரை அவர்கள் வைத்திருந்த பேரைப் பற்றி
நாலு பேரும் இன்றுவரை வாய் திறப்பதில்லை.
அதில் இடி இருந்ததாகக் கேள்வி.

அவர்கள் மொழியில் அந்தக் குட்டிச் சொல்
கதவைத் தட்டிவிட்டு முன்னால் நிற்கும்.
நம் மொழியில் வாலில் தொங்கும்.
மகள்களும்.
நானும் வந்தேன் என்றால்
யாரோ ஏற்கெனவே வந்தாயிற்று.
சொல்லாமல் விட்டவர்
சொன்னதற்குப் பக்கத்திலேயே
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாவது இசைத்தட்டுக்குப் பிறகு
எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள், ஏன் இந்தப் பேர்?
கனவில் பார்த்த கல்லறை வாசகம் என்றான் யோஸ்டெய்ன்.
பெண் விடுதலை என்றான் ஓட்வார், கோத்தன்பர்க் வானொலியில்.
"குழுவில் எத்தனை பெண்கள்?" என்றாள் அறிவிப்பாளர்.
ஒலிநாடாவில் அந்த இடம் நாலு வினாடி ஓடுகிறது.
அர்த்தமே இல்லை என்றான் ஸ்னோரெ;
அதைப் பற்றி ஒருவர் பதினோரு பக்கம் எழுதினார்.
டிரம்ஸ்காரனை யாரும் கேட்பதில்லை.
டோர்கெய்ரின் நகக்கண்ணில்
உண்மை இன்னும் நீலமாக இருந்தது.

குன்வோர், ஓஸ்தா, போர்ஹில்ட்,
மூவரும் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள்,
மேடைக்கு முன் கைகட்டி நின்று
கடைசிப் பாட்டு வரை கேட்டார்கள்.
முடிந்ததும் ஒரு பில் நீட்டினாள் ஓஸ்தா:
பேர் வாடகை, கச்சேரிக்கு, தலைக்குப் பத்து குரோனர்.
பாட்டு எப்படி இருந்தது?
"சத்தமாக."

டோர்கெய்ர் சில்லறையாக எண்ணிக் கொடுத்தான்.
ரசீது மீன் சுற்றும் தாளில்.
ஏழு வருஷம், ஒரு ரசீது தவறவில்லை.

கடைக்குப் புது வேன் வந்தபோது
எழுத்துக்கு இவ்வளவு என்றான் பெயின்டர்.
பெண்கள் கணக்குப் போட்டார்கள்.
ஊரில் இப்போது அதே பேரில் இரண்டு வேன்.
பின்னறையில் ஆஸ்ப்னெஸ் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்,
பேரில்லாமல்.

தொலைபேசி அடிக்கும்.
சனிக்கிழமைக்கு எவ்வளவு?
கிலோ இருபத்தெட்டு.
முன்வரிசை கிடைக்குமா?
தலையோடு வேண்டுமா, தலை இல்லாமலா?

எண்பத்தாறில் குழு கலைந்தது.
செய்தித்தாளில் நாலு வரி,
படகு விற்பனைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே.
அந்த வாரம் கடைக்கு ஒன்பது கடிதம் வந்தது.
த்ரோம்சோவிலிருந்து ஒருத்தி,
மை கலைந்திருந்தது:
நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்பதை
என்னால் தாங்கவே முடியவில்லை.

போர்ஹில்ட் கையைத் துடைத்துக்கொண்டு
பதில் எழுதினாள்:
நாங்கள் நிறுத்தவில்லை.
திங்கள் முதல் சனி வரை, எட்டிலிருந்து நாலு.
இந்த வாரம் ஹெரிங் நன்றாக இருக்கிறது.