ஐநூறுக்கு உள்ளே

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நின்ற கால்களோடு
பஸ்ஸில் நீடாமங்கலம் கேட்டுக்கு வருகிறேன்.
சரக்கு வண்டி போகும்வரை இருபத்தைந்து நிமிடம்.
அதற்குள் மனசு மீட்டர் பெட்டியைத் திறந்துவிடும்:
நேற்றுவரை நானூற்று அறுபத்தொன்று.
கணக்கெடுக்க மதியழகன் வர இன்னும் ஆறு நாள்.

எல்லாரும் உறங்கும்போது விழித்திருப்பவளுக்கு
உறக்கம் பகலில்,
பகலில் என்றால் தகரக் கூரைக்குக் கீழே,
கூரைக்குக் கீழே என்றால் ஒண்ணரை டன் ஏசி.
இருபத்தேழில் வைத்து, மின்விசிறி இரண்டில் வைத்து,
வாசல் இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்து
படுக்கிறேன்.
கண்ணை மூடினாலும் மீட்டரின் சிவப்புப் பொட்டு சிமிட்டுகிறது.
மூவாயிரத்து இருநூறு சிமிட்டலுக்கு ஒரு யூனிட்.
ஆட்டை எண்ணித் தூங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஐநூறைத் தாண்டினால்
தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை
தாண்டாத யூனிட்டுக்கும் விலை ஏறும்.
எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன்.
மதியழகன் சிரித்தார்:
"சிஸ்டர், நான் படிக்கிறவன். எழுதுறவன் இல்ல."

ஏசியை மாட்ட வந்த பையன் சொன்னது நினைவிருக்கிறது.
இது குளிரைச் செய்கிற யந்திரம் இல்லையாம்.
உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி
வெளியே கொட்டுகிற யந்திரம்.
வெளியே என்றால் உத்திராபதி வீட்டுச் சந்து.
நான் குளிர்ந்த அளவுக்கும் கூடுதலாக
அந்தச் சந்து கொதிக்கும்.
அதற்கு எந்த அட்டையிலும் பத்தி இல்லை.
இரண்டு கோடையாய் அவர் ஒன்றும் சொன்னதில்லை,
அது எனக்கு பில்லைவிடப் பெரிய பாக்கி.

புரட்டாசியில் குறுவை அறுத்த மறுநாள் மழை.
மூன்று மா நெல்.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் இருபத்திரண்டு,
பதினேழுக்கு வாருங்கள் என்றார்களாம்.
மோட்டாருக்குக் கரண்ட் இலவசம்,
தண்ணீரை வயலுக்குள் கொண்டுவர.
நெல்லுக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோக
இலவசம் ஏதும் அறிவிக்கவில்லை.

ஒருநாள் நண்பகல் விழித்து ஜன்னலைத் திறந்தால்
சந்தில், என் வெளிக்கருவியின் முன்னால்,
இரண்டு செங்கல் மேல் ஒரு முறம்.
முறத்தில் நெல். பக்கத்தில் குந்தியபடி அவர்
விரலால் கிளறிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் எழுந்து
"சும்மா போற காத்துதானேம்மா" என்றார்,
திருடிவிட்டதைப் போல.
"ஒரு முறம் காஞ்சா மூட்டை காயுமா?"
"காயாது."
கிளறுவதை நிறுத்தவில்லை.

அடுத்த நாள் கணக்குப் பார்த்தேன்: நானூற்று தொண்ணூற்று நான்கு.
மழையில் மதியழகன் வரவில்லை.
ஏசியைப் போடக் கூடாது என்று
ஈரத்துண்டை முகத்தில் போட்டுப் படுத்தேன்.
புழுங்கியது. மழை விட்ட வெயில்தான் பொல்லாதது.
பத்தரை மணிக்குச் சந்தில் செங்கல் சத்தம்.
முறத்தை வைக்கிறார்.
வைத்துவிட்டு நிற்கிறார்.
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

ரிமோட்டைத் தேடித் தலையணைக்கடியில் எடுத்து
இருபத்தேழை இருபத்து நான்காக்கினேன்.
வெளியே கருவி உறுமி எழுந்தது.
ஒரு யூனிட் அவருக்கு, ஒரு யூனிட் எனக்கு,
மீதி அரசாங்கத்துக்கு என்று
பங்கு பிரித்துக்கொண்டே கண் சொருகும்போது
பட்டென்று எல்லாம் நின்றது.
எங்கோ ஒரு கம்பத்தில் மரம் விழுந்திருக்கும்.

ஜன்னலைத் திறந்தேன்.
விசிறியின் இறக்கைகள் மெல்லச் சுற்றி ஓய்ந்தன.
அவர் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார்.
நறுக்கென்று உடையவில்லை.
"இன்னும் இருக்கு" என்றார்.

மீட்டரில் சிவப்புப் பொட்டு அணைந்திருந்தது.
இருவரும் வியர்த்துக்கொண்டு நின்றோம்,
அந்த நேரம் மட்டும்
ஒருவருக்கும் செலவில்லாமல்.