டோக்கன் எண் 417

விளக்க அட்டைக்கு நாற்பது சொல்தான் இடம்.
கமிட்டி முடிவு.

பழைய டைம் ஆபீசைக் காட்சிக்கூடம் ஆக்குகிறோம்.
முப்பது வருஷத்துக் கல்தூசி
சுவரில் அப்படியே படிந்திருந்தது.
பெயிண்டர் அதைச் சுரண்டித் தள்ளிவிட்டு
வெள்ளையடித்தார்.
ஒரு பாட்டிலில் அள்ளி வைத்திருக்கலாம் என்று
ராத்திரிதான் தோன்றியது.

சுண்ணாம்புக் கரடு என்கிறது ஊர்.
அங்கே வெற்றிலைக்குத் தடவக்கூடச் சுண்ணாம்பு கிடையாது.
முதல் அட்டை: மாக்னசைட், வெள்ளைக்கல்,
சூளையில் வெந்து செங்கல்லாகி
எங்கோ ஓர் இரும்பு உலைக்குள்
நெருப்பைத் தாங்கப் போனது.
எண்ணிப் பார்த்தேன். அடங்கியது.

ஏழாவது அட்டை, பித்தளை டோக்கனுக்கு:
'எண் 417. கல் பொறுக்கும் பிரிவு.
தொழிலாளி அத்தாயி.
இருபத்தொரு வருடம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர்.'
மஸ்டர் ரோலைப் பார்த்துத்தான் எழுதினேன்.

செங்கரட்டிலிருந்து டவுன் பஸ்ஸில்
அத்தாயி வந்தார். கூட இன்னொருவர்.
படிக்கச் சொல்லிக் கேட்டார்.
சிரித்தார், இருமினார், இருமல் அடங்கியதும்
விட்ட இடத்திலிருந்து சிரித்தார்.

'லீவு போடாத பொம்பளை உண்டா சார்?
எனக்கு நாலு பிரசவம்.
இவ பெருமாயி, தங்கச்சி, இவளுக்கு மூணு.
டோக்கன் கிடைச்சது ஒண்ணு.
எவளுக்கு இடுப்பு நிக்குதோ அவ போவா.
தலையில துண்டு, மூஞ்சி பூரா வெள்ளை,
மேஸ்திரி கண்டானா?'

கைநாட்டு?
'சம்பளத்தன்னைக்கு நான்தான் போவேன்.'

பெருமாயி பேசவில்லை.
டோக்கனை எடுத்துத் திருப்பினார்.
பின்பக்கம், ஓட்டைக்கு அருகில்
ஆணியால் இழுத்த ஒரு கோடு.
'தேய்மானம்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன்.
'இது நான்' என்றார்.

பேனாவை எடுத்தேன்.
அத்தாயி என் மணிக்கட்டைப் பிடித்தார்.
சின்னக் கை, நல்ல பிடி.
'எழுதிப்புடாதீங்க. பென்ஷன் நின்னுரும்.
அதைத்தான் பங்கு வச்சுக்கறோம்.'

அட்டையில் இப்போது 'எண் 417' மட்டும்.
டோக்கனைக் கண்ணாடிக்குள் புறம் மாற்றி வைத்தேன்.
தலைகீழா வச்சிருக்கீங்களே என்றார் தலைவர்.
ஆமாம் என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

அன்றைய செலவு வவுச்சர்,
ஃபைலில், குண்டூசியோடு இருக்கிறது:
டீ மூன்று.
அத்தாயி, பெருமாயி, நான்.